டேட்டாபேஸ் பராமரிப்பு: நம் பிள்ளைகள் கற்கக்கூடிய ஒரு பொறுப்பான வேலை

கம்ப்யூட்டர் படிப்பு என்றாலே புரோகிராம் எழுதுவதுதான் நம் நினைவுக்கு வருகிறது. அதே துறையில் வீடுகளில் அதிகம் பேசப்படாத இன்னொரு வேலையும் இருக்கிறது. வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை, ரயில் முன்பதிவு என நம் விவரங்கள் எல்லாம் டேட்டாபேஸ் எனப்படும் தரவுத்தளங்களில் இருக்கின்றன. அவற்றைக் காப்பவர்தான் டேட்டாபேஸ் நிர்வாகி.

ஒரு பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஃபீஸ் ரசீதிலும் மாணவரின் முகவரியை எழுதி வைத்தால், வீடு மாறும்போது பத்து இடங்களில் திருத்த வேண்டும். ஓரிடம் விடுபட்டாலும் குழப்பம். அதற்குப் பதிலாக, மாணவர் விவரம் ஒரு அட்டவணையிலும் ஃபீஸ் விவரம் இன்னொரு அட்டவணையிலும் இருக்க, மாணவர் எண் இரண்டையும் இணைக்கும். முகவரியை ஒரே இடத்தில் திருத்தினால் போதும். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-ல் வெளியிட்ட இந்த முறைதான் இன்றும் உலகெங்கும் நடைமுறையில் உள்ளது. அதனிடம் கேள்வி கேட்கும் மொழி எஸ்.க்யூ.எல்.

நிர்வாகியின் முதல் கடமை பேக்கப், அதாவது மாற்றுப் பிரதி எடுத்து வைப்பது. அதைவிட முக்கியம், அந்தப் பிரதியிலிருந்து விவரங்களை மீட்க முடிகிறதா என்று சோதிப்பது. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் கட்டளை கொடுத்து சுமார் 300 ஜி.பி. தரவை அழித்துவிட்டார். பல வகைப் பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் சரியாகக் கைகொடுக்கவில்லை. தினசரி பேக்கப் தோல்வியடைந்து வந்ததும், எச்சரிக்கை மின்னஞ்சல்கள் யாருக்கும் போய்ச் சேராததும் அப்போதுதான் தெரிந்தது. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரப் பதிவுகள் போனது போனதுதான்.

இரண்டாவது கடமை அனுமதி. ஃபீஸ் வாங்குபவருக்கு மாணவரின் மருத்துவக் குறிப்பு தேவையில்லை. யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்று வரையறுக்க வேண்டும். பிறருடைய விவரம் நம் கையில் இருக்கும் அமானிதம் அல்லவா? மூன்றாவது வேகம். புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவு போல, தரவுத்தளத்துக்கும் 'இண்டெக்ஸ்' அமைத்தால் லட்சக்கணக்கான வரிகளில் தேடியதை உடனே எடுக்கலாம்.

இதைக் கற்கப் பெரிய செலவு இல்லை. போஸ்ட்கிரெஸ், மை எஸ்.க்யூ.எல். இரண்டையும் இலவசமாகப் பெறலாம். சாதாரண லேப்டாப் போதும். பெண் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே பழகலாம். முதலில் எஸ்.க்யூ.எல்., கூடவே லினக்ஸ் அடிப்படை. பிறகு வீட்டுக் கணக்கையே அட்டவணைகளாக அமைத்து, பேக்கப் எடுத்து, வேண்டுமென்றே மூலத்தை அழித்துவிட்டு மீட்டுப் பார்க்க வேண்டும். இந்த ஒரு பயிற்சி பல பாடங்களுக்குச் சமம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கோச்சிங் சென்டரில் பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: "என் பிள்ளை தன் கையாலேயே சர்வர் நிறுவி, அழிந்த தரவை மீட்டுப் பழக இங்கே வாய்ப்பு உண்டா?" தெளிவான பதில் வராவிட்டால், அங்கே கிடைப்பது சான்றிதழ் மட்டும்தான். வேலை கொடுப்பவர் பார்ப்பது கைப்பழக்கத்தை.