தபால்காரரின் தெருக்கணக்கு

ஜூலை மாதக் கடைசியில் புனித அன்னாள் தேவாலயத் திருவிழா வந்துவிட்டால், புக்கிட் மெர்தாஜாமின் ஜாலான் கூலிம் பக்கம் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். பல மாநிலங்களிலிருந்தும் பக்தர்கள் கூடும் நாட்கள் அவை. அந்தப் பக்கம் பார்சல் கொண்டுபோகிறவர் அன்று வேறு வழி பார்க்க வேண்டும்.

சாதாரண நாளிலும் எந்த வழியில் போவது என்ற கணக்கு லேசானதல்ல.

கடிதம் கொடுப்பவர் தன் பகுதியின் எல்லாத் தெருக்களுக்கும் போய், புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். அதற்கு மிகக் குறைந்த தூரம் எது? 1960-இல் சீனக் கணிதவியலாளர் குவான் மெய்கு இதை ஒரு கணக்காகவே எழுதினார். இன்றும் அதற்குச் 'சீனத் தபால்காரர் கணக்கு' என்றுதான் பெயர். நம் தாமான்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முட்டுச்சந்துக்குள் நுழைந்த மோட்டார் அதே வழியாகத்தான் வெளியே வரும். முச்சந்தியிலும் ஏதாவது ஒரு தெருவை இரண்டாம் முறை தொட்டே தீர வேண்டும்: உள்ளே வர ஒன்று, வெளியேற ஒன்று என்று ஜோடி சேர்த்தால் மூன்றாவது தெரு மிஞ்சிவிடுகிறது. கோனிக்ஸ்பர்க் நகரின் 7 பாலங்களை வைத்துக் கணிதவியலாளர் ஆய்லர் 1736-இல் கண்ட உண்மை இதுதான்.

பார்சலின் கதை வேறு. அது தெருத்தெருவாகப் போவதில்லை. அல்மாவில் நான்கு வீடு, பெராப்பிட்டில் இரண்டு, மாச்சாங் பூபோக்கில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். 10 வீடுகளுக்கு எந்த வரிசையில் போகலாம் என்று எண்ணினால் 3,628,800 வழிகள். 20 வீடானால் அது 19 இலக்க எண்! எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பது நடக்காத காரியம். பெட்ரோல் நிலையங்களுக்கு எண்ணெய் லாரி அனுப்புவதை வைத்து டான்ட்சிக்கும் ராம்சரும் 1959-இல் இந்தக் கணக்கைத் தொடங்கினார்கள். 1964-இல் கிளார்க்கும் ரைட்டும் எளிய உபாயம் ஒன்று சொன்னார்கள். இரண்டு வீடுகளுக்குத் தனித்தனியே போய்வராமல் ஒரே சுற்றில் சேர்த்தால் எவ்வளவு தூரம் மிச்சமாகும் என்று பார்த்து, அதிகம் மிச்சமாகும் ஜோடியை முதலில் இணைப்பது.

தூரம் மட்டும் போதாது. அமெரிக்காவின் யூபிஎஸ் பார்சல் நிறுவனம் இடப்பக்கம் திரும்புவதை முடிந்தவரை தவிர்க்கிறது. எதிரே வரும் வண்டிகளுக்காகக் காத்து நிற்பதில் நேரமும் எண்ணெயும் வீண். சாலையின் இடப்புறம் ஓட்டும் மலேசியாவில் அந்தத் தொல்லை வலப்பக்கத் திருப்பத்தில்.

கணினி வரிசை போட்டுத் தரட்டும். ஆனால் எந்த லோரோங்கில் காலையில் சந்தை கூடும், எந்த வீட்டில் மாலைக்கு மேல்தான் ஆள் இருக்கும் என்பது அங்கே தினமும் ஓடுபவருக்குத்தான் தெரியும். அந்த வரிசையை மாற்றிக்கொள்ளும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும்.

முகவரியில் தாமான் பெயரோடு லோரோங் எண்ணையும் தவறாமல் எழுதுங்கள். பார்சல் வரும் நாளில் கைப்பேசி அழைப்பை எடுங்கள். ஆளில்லாத வீட்டுக்குப் பார்சல் வேன் மறுபடியும் ஒருமுறை வர வேண்டியிருக்கும்.