வெடிப்பை உள்ளேயே அடக்கும் துளைக்கருவி

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைக்காரர்களுக்குச் சுரங்கத் துளை என்றால் ஜாக்ஹாமர்தான். ரப்பர் குழாயில் வரும் அழுத்தக் காற்று, காதைப் பிளக்கும் சத்தம், சிலிக்கா தூசியை அடக்கத் தண்ணீர். சிவசமுத்திரத்து மின்சாரம் 1902-லேயே தங்கவயலுக்கு வந்துவிட்டது. ஆனாலும் துளைக்கருவியை ஓட்டியது காற்றுதான். தங்கம் பொதிந்த குவார்ட்ஸ் பாறையைச் சும்மா சுழற்றிக் குடைய முடியாது. இடைவிடாமல் அடிக்க வேண்டும்.

நிலக்கரி மென்மையானது. மரத்தைக் குடைவதுபோல் சுழன்றாலே போதும் என்பதால் நிலக்கரிச் சுரங்கத்தில் மின்மோட்டார் துளைக்கருவி வந்தது. இரண்டு கைப்பிடி, நடுவில் மோட்டார், முன்னால் முறுக்குக் கம்பி, அதன் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு அலகு. கைப்பிடியிலுள்ள சுவிட்சை விட்டால் மோட்டார் நின்றுவிடும்.

சிக்கல் நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயுவில். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். 1.25 சதவீதத்தைத் தாண்டினாலே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்பது இந்தியாவிலுள்ள விதி.

வாயு புகாத பெட்டிக்குள் மோட்டாரை மூடிவைப்பார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். அப்படியல்ல. வாயு புகட்டும், உள்ளே வெடிக்கவும் செய்யட்டும் என்று எண்ணியே கனத்த உலோகக் கூடு செய்கிறார்கள். மூடியும் உடலும் சேருமிடத்தில் அகலமான, வழவழப்பான விளிம்பு. இடையே அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த இடுக்கு. உள்ளே வெடித்த வாயு அந்த நீண்ட இடுக்கு வழியே கசியும்போது உலோகம் சூட்டை உறிஞ்சிவிடும். வெளியிலுள்ள மீத்தேனைப் பற்றவைக்கும் தெம்பு அதற்கு இருக்காது. 1815-ல் ஹம்ஃப்ரி டேவி கம்பிவலை விளக்கில் கையாண்டதும் இதே சூட்சுமம்தான். கையில் பிடிக்கும் கருவி என்பதால் மின்னழுத்தத்தையும் 125 வோல்ட் அளவுக்குக் குறைத்தே தருகிறார்கள்.

இத்தகைய கருவிக்குத் தன்பாத்திலுள்ள சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த அலுவலகம் பிறந்த கதையில் தங்கவயலுக்கும் பங்குண்டு. 1897-ல் கோலார் தங்கச் சுரங்க விபத்தில் 52 பேர் இறந்தனர். அதையடுத்து பலூசிஸ்தானத்தின் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர். அதன் பிறகே 1901-ல் சுரங்கச் சட்டமும், 1902 ஜனவரியில் கல்கத்தாவில் சுரங்க ஆய்வு அலுவலகமும் வந்தன. தன்பாத்துக்கு அது 1908-ல் இடம்பெயர்ந்தது.

ஒப்புதல் முத்திரை மட்டும் உயிரைக் காக்காது. பழுது பார்த்துவிட்டு ஒரு போல்ட்டைப் போடாமல் விட்டாலும், விளிம்பு துருவேறிக் குழிந்தாலும், கேபிள் நுழையும் வாய் தளர்ந்தாலும் அந்தக் கூடு வெறும் இரும்புப் பெட்டிதான். அதனால்தான் போல்ட்டின் தலையைத் தனிச் சாவி இல்லாமல் திருக முடியாதபடி பள்ளத்துக்குள் புதைத்துவைக்கிறார்கள். சுரங்க எலக்ட்ரீஷியனும் மெல்லிய தகட்டு அளவியைச் செருகி இடுக்கைச் சோதிக்கிறார்.