பழமும் மலரும் கற்பிக்கும் பாடம்

ஓர் ஓவியத்தைக் கண்டதும், “இஃது எந்தக் கதையைக் கூறுகிறது?” என்று கேட்பது நம் வழக்கம். அணுபுரத்து மாணவர்கள் அருகிலுள்ள மாமல்லபுரத்திற்குச் சென்று பெரும்பாறைச் சிற்பத்தின்முன் நின்றால், அக்கேள்வி பொருத்தமானதே. ஆங்குத் தவம் புரிபவன் அருச்சுனனா, பகீரதனா என்பதில் அறிஞரிடையே இரு வேறு கருத்துகள் உள்ளன. ஆனால், ஒரு மேசையும் சில பழங்களும் ஒரு பூந்தொட்டியுமே உள்ள படத்தில் கதை ஏது? கதையில்லா ஓவியம் நமக்கு எதனைக் காட்டுகிறது?

பிரெஞ்சு ஓவியர் பால் செசான் (1839–1906) இவ்வினாவிற்கு விடை தந்தவர். ஏறத்தாழ 1890இல் அவர் ஆப்பிள்களையும் பிரிம்ரோஸ் பூந்தொட்டி ஒன்றையும் வரைந்தார். ஒருகாலத்தில் ஓவியர் மோனேயிடம் இருந்த அப்படம், இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் உள்ளது. கசங்கிய வெள்ளைத்துணி, அதன்மேல் ஆப்பிள்கள், பசிய இலைகளோடு ஒரு செடி, அவ்வளவே படம்.

பழத்தின் திரட்சியைக் காட்ட, ஒருபுறம் ஒளியும் மறுபுறம் கருநிழலும் தீட்டுதல் பழைய முறை. செசானோ சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகிய வண்ணத் தீற்றல்களை அடுத்தடுத்து வைத்தே அத்திரட்சியை உண்டாக்கினார். செம்மை முன்னே வருவதுபோலவும், நீலம் பின்னே செல்வதுபோலவும் நம் கண்ணுக்குத் தோன்றும் அன்றோ? அவ்வியல்பை அவர் பயன்படுத்தினார். பல படங்களில், துணியின் இருபுறமும் மேசையின் விளிம்பு ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை. நாம் ஒரு பொருளை அசையாது நோக்குவதில்லை. நம் கண்கள் அங்குமிங்கும் நகர்கின்றன. அந்நோக்கையே அவர் வரைந்தார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1907இல், பாரிசில் நடைபெற்ற நினைவுக் கண்காட்சி பிக்காசோ முதலிய இளைஞர்க்குப் புதுவழி காட்டியது.

ஆயின், அவர் வரைந்த ஆப்பிளை அவரைப்போலவே நாமும் வரைந்தால் புதுமை ஆகுமா? இதுவே நம் நாட்டு ஓவியரை எதிர்நோக்கிய சிக்கல். கோயம்புத்தூரில் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977), 1954இல் ஐரோப்பா சென்று வந்தவர்; 1957இல் சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வரானவர். 1963இல் அவர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையில் பழமும் இல்லை, மலரும் இல்லை. சாதகக் கட்டங்களும் கணக்குக் குறிகளும் எழுத்துப்போன்ற கீறல்களுமே உள்ளன. அவை படித்துப் பொருள் கொள்வதற்கல்ல. செசானின் பழங்களைப்போல, ஒன்றோடொன்று இயைந்து நிற்கவே அமைந்தவை. பொருள் நம்முடையது, அமைக்கும் உரிமை ஓவியனுடையது.

அவ்வுரிமைக்கு வாழ்வும் வேண்டுமே! 1966இல் பணிக்கரும் தோழர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். துணிகளில் பாத்திக் வேலை செய்து விற்று வயிற்றுக்குத் தேடினர். வாங்குவோர் விருப்பத்திற்கேற்பத் தூரிகையை வளைக்காமல் இருக்க அத்தொழில் துணை நின்றது.

மாணவர்களே, மாமல்லபுரத்திலிருந்து கடற்கரைச் சாலைவழியே வடக்கே சென்றால் அக்கிராமத்தையும் அங்குள்ள கலைக்கூடத்தையும் காணலாம். அதற்குமுன், வீட்டில் ஒரு மாம்பழத்தைச் சன்னலருகே வைத்து நோக்குங்கள். அதன் நிழல் முழுதும் கருமைதானா? எத்தனை வண்ணங்கள் அதில் ஒளிந்துள்ளன? கண்டதை வரையுங்கள், பிறர் கண்டதை அன்று.