செல்போனிலா, வங்கிக் கிளையிலா? எந்த வேலையை எங்கே முடிக்கலாம்? விவசாயிகளுக்கு ஒரு வழிகாட்டி

நடவு நேரத்தில் ஒரு நாள் வங்கிக்குப் போனால் அன்றைய வேலை அவ்வளவுதான். பஸ் பிடித்துப் போய், வரிசையில் நின்று, 'சர்வர் வரவில்லை, மதியம் வாங்க' என்ற பதிலோடு திரும்பியவர்கள் நம்மில் நிறையப் பேர். இன்னொரு பக்கம், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு லிங்கைத் தொட்டுவிட்டு, கணக்கில் இருந்த பணத்தை இழந்தவர்களும் இருக்கிறார்கள். இதனால் சிலர் எல்லாவற்றுக்கும் கிளைக்கே ஓடுகிறார்கள். சிலர் எல்லாவற்றையும் செல்போனிலேயே முடிக்கப் பார்க்கிறார்கள். இரண்டிலும் நஷ்டம் உண்டு.

பொதுவாக இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். பணம் வந்ததா என்று பார்ப்பது, அனுப்புவது, வாங்குவது ஆகியவற்றுக்குச் செல்போன் போதும். கையெழுத்து, நகை, நிலப் பத்திரம், கணக்கு விவரத் திருத்தம் என்று வந்தால் கிளைக்கு நேரில் போக வேண்டும்.

செல்போனில் முடிக்கக்கூடியவை

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணையாக வருவதும் அப்படித்தான். வந்துவிட்டதா என்று பார்க்க பாஸ்புக்கோடு கிளைக்குப் போக வேண்டியதில்லை. வங்கியின் செயலியிலோ, மிஸ்டு கால் சேவையிலோ பார்க்கலாம். இன்டர்நெட் இல்லாத பட்டன் போனிலும் *99# அழுத்தி இருப்பு பார்க்கலாம், பணமும் அனுப்பலாம். இதற்கு வங்கியில் கொடுத்த செல் எண் அந்த போனில் இருக்க வேண்டும், யுபிஐ பின் அமைத்திருக்க வேண்டும்.

உரக்கடை, அறுவடை இயந்திர வாடகை, ஆள் கூலி போன்றவற்றுக்கு யுபிஐ வசதியானது. ஒருவருக்கு ஒருவர் அனுப்பும்போது பொதுவாக நாளொன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அனுப்பலாம். அதற்கு மேல் என்றால் நெப்ட் முறை இருக்கிறது. 2019 டிசம்பர் முதல் நெப்ட் 24 மணி நேரமும், விடுமுறை நாளிலும் இயங்குகிறது. சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் நெப்ட் அனுப்பக் கட்டணம் இல்லை.

புதிதாக ஒருவருக்குப் பெரிய தொகை அனுப்பும்போது முதலில் ஒரு ரூபாய் அனுப்புங்கள். அவருக்கு வந்துவிட்டது என்று உறுதியான பிறகு மீதியை அனுப்புங்கள். வங்கி கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் வரவு வைக்கும். ஒரு எண் மாறிப் போய் அந்தக் கணக்கு வேறொருவருடையதாக இருந்தால், பணத்தைத் திரும்ப வாங்க அலைய வேண்டிவரும்.

கடன் தவணை: இங்கேதான் காசு மிச்சம்

கிசான் கிரெடிட் கார்டு பயிர்க்கடனில் 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டி. தவணை தேதிக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை கிடைக்கும், வட்டி 4 சதவீதம்தான் ஆகும். ஒரு லட்சம் ரூபாய்க்கு ஓராண்டு கணக்குப் பாருங்கள். நாளுக்குள் கட்டினால் 4,000 ரூபாய், நாள் தவறினால் 7,000 ரூபாய். அத்தோடு தவணை தேதிக்குப் பிறகு ஓடும் நாட்களுக்கு வங்கியின் வழக்கமான கூடுதல் வட்டி ஏறும்.

பலர் கையில் பணம் இருந்தும் இந்த 3,000 ரூபாயை விடுகிறார்கள். கடைசி நாள் இரண்டாவது அல்லது நான்காவது சனிக்கிழமையாக இருந்துவிடும், அல்லது பண்டிகை விடுமுறையாக இருந்துவிடும். சேமிப்புக் கணக்கில் ஆன்லைன் வசதி இருந்தால், கடன் கணக்கு எண்ணுக்கு வீட்டிலிருந்தே பணத்தை மாற்றிவிடலாம். கட்ட வேண்டிய சரியான தொகையை முன்கூட்டியே கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். வட்டி நாள்தோறும் மாறும். நூறு ரூபாய் குறைந்தாலும் கடன் முடிந்ததாக ஆகாது. கடைசி நாள் வரை காத்திருக்காமல் இரண்டு மூன்று நாள் முன்பே அனுப்பி, வரவு வைக்கப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள்.

தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியவர்கள் தவணை தேதிக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. அதனால் அங்கே நாள் தவறுவது இன்னும் பெரிய நஷ்டம். சங்கத்துக்கு நேரில் போய்க் கட்டி, ரசீதைக் கையோடு வாங்கிவிடுவதே நல்லது.

நேரில் போக வேண்டியவை

1. பயிர்க்கடன் புதிதாக வாங்குவது, புதுப்பிப்பது. 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. சிட்டா, அடங்கல், ஆதார், போட்டோ ஆகியவற்றோடு போய் விண்ணப்பத்தைக் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள்.

2. நகைக்கடன். வட்டியை ஆன்லைனில் கட்டினாலும் நகையை மீட்க நேரில்தான் போக வேண்டும். நகையைச் சரிபார்த்து வாங்குங்கள்.

3. பயிர்க் காப்பீடு. காரிஃப் உணவுப் பயிருக்கு 2 சதவீதமும், ராபிக்கு 1.5 சதவீதமும், தோட்டக்கலை மற்றும் வணிகப் பயிர்களுக்கு 5 சதவீதமும் விவசாயி கட்ட வேண்டிய பிரீமியம். கடன் கணக்கில் பிரீமியம் பிடித்தார்களா, கிராமமும் பயிரும் பரப்பும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கடைசித் தேதிக்கு முன்பே கிளையில் பாருங்கள். கிராமத்தின் பெயர் மாறிப் பதிவானால் இழப்பீடு வரும் நேரத்தில் சிக்கல் வரும். காப்பீடு வேண்டாம் என்றால், கடைசித் தேதிக்கு 7 நாட்களுக்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும்.

4. செல் எண் மாற்றம். பல மாதம் ரீசார்ஜ் செய்யாத எண் ரத்தாகி வேறொருவருக்குப் போய்விடும். பழைய எண் வங்கியில் அப்படியே இருந்தால் உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். எண் மாறினால் முதல் வேலையாகக் கிளைக்குப் போய் மாற்றுங்கள்.

5. ஆதார் இணைப்பு. இரண்டு மூன்று வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அரசு மானியம் எந்தக் கணக்குக்குப் போகும் என்று குழப்பம் வரும். மானியத்துக்காகக் கடைசியாக எந்த வங்கியோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அதில்தான் வரும். எந்த வங்கி என்பதை ஆதார் இணையதளத்தில் பார்க்கலாம். மாற்ற வேண்டுமென்றால் கிளையில் படிவம் கொடுக்க வேண்டும்.

6. பழைய பாஸ்புக். சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் 2020 ஏப்ரலில் இணைந்தன. பாண்டியன், பல்லவன் கிராம வங்கிகள் 2019-ல் தமிழ்நாடு கிராம வங்கியாகின. பழைய ஐஎஃப்எஸ்சி எண்ணைக் கொள்முதல் நிலையத்தில் கொடுத்தால் பணம் வருவது தடைபடலாம். புதிய பாஸ்புக் வாங்கிவிடுங்கள்.

வங்கி முகவரிடம் பணம் எடுக்கும்போது

கிளை தொலைவில் உள்ள ஊர்களில் வங்கி முகவரிடம் ஆதாரும் கைரேகையும் வைத்துப் பணம் எடுக்கலாம். வயதானவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் 'ரேகை விழவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்' என்று சொன்னால், முதல் தடவை பணம் போகவில்லை என்பதற்கான சீட்டைக் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் ரசீது வாங்குங்கள். ரசீதில் உள்ள தொகையும் கையில் வாங்கிய தொகையும் ஒன்றா என்று அங்கேயே எண்ணிப் பாருங்கள்.

ஏமாறாமல் இருக்க

பணம் வாங்குவதற்குப் பின் எண் போடவே வேண்டாம். 'மாட்டுக்கு அட்வான்ஸ் அனுப்புகிறேன், பின் போடுங்கள்' என்று யாராவது சொன்னால் அவர் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார். பிஎம் கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் திறக்காதீர்கள். அது போனுக்கு வரும் ஓடிபியைத் திருடும். வங்கி அதிகாரி என்று சொல்லி யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள்.

நெல், கரும்புப் பணம் வரும் கணக்கையும் யுபிஐ கணக்கையும் தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். செலவுக்குத் தேவையான தொகையை மட்டும் யுபிஐ கணக்குக்கு மாற்றிக்கொண்டால், ஏமாந்தாலும் மொத்தமும் போகாது.

பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017-ல் வெளியிட்ட விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் எடுத்த பணத்தை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால், நஷ்டம் உங்களைச் சேராது. நீங்களே ஓடிபி சொல்லியிருந்தால், வங்கியிடம் சொல்லும் வரை போன பணம் உங்கள் நஷ்டம்தான். அதனால் வெட்கப்பட்டு ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

இந்த வாரமே செய்ய வேண்டியது

வேலை குறைவான ஒரு நாளில் கிளைக்குப் போய் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: செல் எண் சரியா, ஆதார் இணைப்பு எந்தக் கணக்கில், வாரிசுதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா, பயிர்க்கடனின் தவணை தேதி எது. அந்தத் தேதியை வீட்டு காலண்டரில் பத்து நாள் முன்னதாகவே குறித்துவையுங்கள். கணக்கு வீட்டுப் பெண்கள் பெயரில் இருந்தால் அவர்கள் பயன்படுத்தும் செல் எண்ணையே கொடுங்கள். இதை ஒரு தடவை சரிசெய்துவிட்டால் அறுவடை நேரத்தில் வங்கிக்கு அலையும் நாட்கள் குறையும்.