தவறவிடப்பட்ட புற்றுநோய்களும் அறியும் உரிமையும்

மேமோகிராம் பரிசோதனையில் ‘இயல்பு’ என்று அறிக்கை பெற்ற ஒரு பெண்ணுக்கு, அடுத்த பரிசோதனைக்கு முன்பாகவே மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டால் அதனை ‘இடைக்காலப் புற்றுநோய்’ என்பர். இது அரிதான நிகழ்வன்று. மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ எட்டில் ஒன்றை மேமோகிராம் தவறவிடுவதாக அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் கூறுகிறது. எனவே இரு கேள்விகள் எழுகின்றன. தவறவிட்டதிலிருந்து மருத்துவத் துறை என்ன கற்கிறது? பாதிக்கப்பட்ட பெண்ணிடம் உண்மை சொல்லப்படுகிறதா?

தவறுவதற்குக் காரணங்கள் பல. சில கட்டிகள் பரிசோதனைக்குப் பின்னரே தோன்றி விரைந்து வளர்கின்றன. அங்கே படத்தின் மீது பிழையில்லை. மார்பகத்தில் கொழுப்பு குறைந்து அடர்திசு மிகுந்திருந்தால் அது படத்தில் வெண்மையாகத் தெரியும். கட்டியும் வெண்மையே. வெண்மைக்குள் வெண்மை மறைந்துவிடுகிறது. நாற்பது வயதைக் கடந்த பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இத்தகைய அடர்த்தி உண்டு. இவை தவிர மனிதப் பிழையும் இருக்கிறது. நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகள் கண்ணுக்குத் தப்பலாம்; தெரிந்தும் தீங்கற்றவை என்று ஒதுக்கப்படலாம்; ஒரு குறையைக் கண்டதும் தேடல் நின்றுபோய், மற்றொன்று விடுபடலாம்.

இங்கிலாந்தின் அரசுப் பரிசோதனைத் திட்டம் 1988இல் தொடங்கியது. அங்கு இடைக்காலப் புற்றுநோய் கண்டறியப்பட்டால் முந்தைய படங்கள் மீண்டும் ஆராயப்படுகின்றன. நோயின் இடத்தை அறிந்தபின் பார்ப்பவருக்கு எல்லாம் எளிதாகத் தெரியும். ஆதலால் அந்த இடத்தை அறியாமல் முதலில் பார்ப்பதே நேர்மையான மதிப்பீடு. முடிவுகள் மூன்றாக வகுக்கப்படுகின்றன: நிறைவானது, நிறைவானதெனினும் கற்க வேண்டியது உள்ளது, நிறைவற்றது. படம் வாசிப்போர் ஆண்டுக்குக் குறைந்தது 5,000 பேரின் படங்களை வாசிக்க வேண்டும். அவர்களின் திறனைச் சோதிக்கப் பொதுவான படத்தொகுப்புகளும் உண்டு. 2014 முதல் அங்குள்ள மருத்துவமனைகளுக்கு, தீங்கு நேர்ந்தால் நோயாளியிடம் வெளிப்படையாகக் கூறுவது சட்டக் கடமை.

அமெரிக்காவில் அறியும் உரிமை ஒரு பெண்ணின் போராட்டத்தால் கிடைத்தது. நான்சி கப்பெல்லோ ஆண்டுதோறும் மேமோகிராம் எடுத்துவந்தவர். 2004இல் அவருக்கு முற்றிய புற்றுநோய் கண்டறியப்பட்டது. அது 13 நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தது. அவருடைய மார்பகத் திசு அடர்த்தியானது என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தும் அவரிடம் எவரும் கூறவில்லை. அவர் முன்னெடுத்த இயக்கத்தால், அடர்த்தியைப் பெண்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் சட்டத்தைக் கனெக்டிகட் மாநிலம் 2009இல் முதன்முதலாக இயற்றியது. 2018இல் அவர் மறைந்தார். 2024 செப்டம்பர் 10 முதல் அவ்விதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது.

தகவல் மட்டும் சமத்துவத்தைத் தந்துவிடாது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் விகிதம் வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு. அதனால் இறக்கும் விகிதமோ ஏறத்தாழ 40 விழுக்காடு அதிகம். விரைந்து வளரும் ஒருவகைப் புற்றுநோய் அவர்களிடம் ஏறத்தாழ இருமடங்கு காணப்படுகிறது. இத்தகைய கட்டிகளே இரு பரிசோதனைகளுக்கு இடையில் தோன்றக்கூடியவை. ஆனால் இறப்பின் வேறுபாட்டை உடற்கூறு மட்டும் விளக்கிவிடாது. காப்பீடின்மை, தாமதமாகும் சிகிச்சை, தரம் குன்றிய மருத்துவமனை ஆகியவையும் சேர்ந்தே உயிரைப் பறிக்கின்றன. ஆகவே தவறிய படங்களை எண்ணும்போது, அவை எந்தச் சமூகத்துப் பெண்களின் படங்கள் என்றும் எண்ணியாக வேண்டும்.

‘இயல்பு’ என்னும் அறிக்கை நோயின்மைக்குச் சான்றிதழ் அன்று. அதன்பின் கட்டியோ, தோலில் குழிவோ, முலைக்காம்பில் மாற்றமோ தென்பட்டால், அறிக்கையைக் காட்டி எவர் திருப்பி அனுப்பினாலும் மீண்டும் பரிசோதிக்கும்படி கேட்பது ஒவ்வொரு பெண்ணின் உரிமை. அந்தக் குரலுக்குச் செவிசாய்ப்பதிலிருந்தே மருத்துவத் துறையின் கற்றல் தொடங்குகிறது.