தினமும் ரெண்டு பக்கம்

எஸ்.இ. ஹின்டன், அமெரிக்காவின் டல்சா நகரத்துக்காரர். பள்ளியில் பணக்காரப் பசங்க ஒரு கூட்டம், இல்லாதப்பட்டவங்க ஒரு கூட்டம். சினிமா பார்த்துட்டு வீட்டுக்கு நடந்துபோன நண்பனை அடிச்சுட்டாங்க. அந்தக் கோபத்துல 15 வயசுல எழுத ஆரம்பிச்ச நாவல்தான் ‘தி அவுட்சைடர்ஸ்’. 1967-ல் வெளிவந்தப்போ அவருக்கு வயசு 18.

எனக்கு முக்கியமா படுறது அதுக்கப்புறம் நடந்தது. புகழ் வந்ததும் எழுத்து நின்னுபோச்சு. சும்மா ஒரு லெட்டர் டைப் பண்ணக்கூட முடியல. அப்போ காதலன் (பின்னாடி அவரையேதான் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க) ஒரு கண்டிஷன் போட்டார்: ரெண்டு பக்கம் எழுதினாத்தான் சாயங்காலம் வெளியே போறது. நம்ம டெய்லி ஸ்டாண்ட்அப்பைவிடக் கறார்! அப்படி ரெண்டு ரெண்டு பக்கமா சேர்ந்ததுதான் 1971-ல் வந்த அடுத்த நாவல். முதல் புத்தகத்தோட வேகம் இதுல கிடையாது. ஆனா வாக்கியங்கள் இதுலதான் கச்சிதம்.