சிறு பாத்திக்கு ஏற்ற புளொக்ஸ்

ஈஸ்ட் ஹாமின் வரிசை வீடுகளில் வாழும் எம்மவர் பலருக்கு வாய்ப்பது சிறு மண்துண்டு ஒன்றே. அதன் ஓரப் பாத்திக்குப் பொருத்தமான பூஞ்செடி, குட்டைப் புளொக்ஸ். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியே இதன் தாயகம். நெட்டை வகைகள் நான்கு அடி வரை உயரும். 'பிளேம்' என்னும் பெயரில் விற்கப்படும் குட்டை வகைகள் ஏறத்தாழ ஒன்றரை அடியில் நின்று, கோடையில் நறுமணத்துடன் பூக்கும்.

நல்ல வெயிலும் ஈரங்காக்கும் மண்ணும் இதற்குத் தேவை. கூட்டெருவை ஆழக் கலந்து, ஒன்றரை அடி இடைவெளியில் நடுதல் வேண்டும். நெருக்கமும் வேர் வறட்சியும் இலைகளில் சாம்பல் நோயை வருவிக்கும். ஆதலால் இலைகளை நனைக்காது அடியில் நீர் ஊற்றுக.

குளிர்காலத்தில் தண்டுகள் பட்டுப்போகும். செடி இறந்ததென எண்ணிப் பிடுங்கிவிடாதீர்கள். மண்ணினுள் வேர் உயிருடன் இருந்து, இளவேனிலில் மீண்டும் துளிர்க்கும். மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்பருவத்தில் தூரைக் கிளப்பி, முளைகளோடு பிரித்து நடலாம்.

வாடகை வீடு மாறுவோருக்கு ஒரு குறிப்பு: நிலத்தில் நட்ட செடி பொதுவாக வீட்டு உரிமையாளரையே சாரும். அவரது இசைவைப் பெற்று ஒரு பங்கைச் சட்டியில் எடுத்துச் சென்றால், அடுத்த வாசலிலும் அதே பூ மலரும்.